நாளைய குற்றவாளியும் பழைய பதிவேடும்

1806ஆம் ஆண்டு ஜூன் மாதம். வேலூர்க் கோட்டையில் இருந்த முஸ்தபா பேக் என்ற சிப்பாய், தன் ஆங்கிலேய அதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸைத் தேடிப் போனார். உள்ளே சதி நடக்கிறது, வெள்ளைக்காரர்களைத் தீர்த்துக்கட்டப் போகிறார்கள் என்று சொன்னார். ஃபோர்ப்ஸ் அதை விசாரிக்கும்படி இந்திய அதிகாரிகள் குழு ஒன்றிடம் ஒப்படைத்தார். திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்த கதைதான். ஆளுக்குப் பைத்தியம் என்று குழு முடிவு சொல்ல, முஸ்தபா பேக்கைக் காவலில் போட்டார்கள். ஜூலை 10 விடிவதற்குள் அவர் சொன்னது நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்கள் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டபோது சில நூறு சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். முஸ்தபா பேக்குக்குப் பிற்பாடு பணமும் ஓய்வூதியமும் கிடைத்தன.

இந்த ஆளை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வேலூரில் மக்கான் என்ற இடத்தருகே நினைவுத்தூண் இருப்பது கிளர்ந்தெழுந்த சிப்பாய்களுக்கு. காட்டிக்கொடுத்தவருக்குத் தூண் எதற்கு? ஆனால் கம்பெனியின் காகிதங்களில் அந்தச் சிப்பாய்கள் கொலைகாரர்கள். நடக்கப் போகும் குற்றத்தை முன்கூட்டியே சொன்ன மனிதர் முஸ்தபா பேக். குற்றத்தை நடக்கும் முன்பே பிடிக்கும் எதிர்காலப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவுதான் வரும். முன்கூட்டிச் சொல்லப்படுவது யாருடைய கணக்கில் குற்றம் என்ற கேள்வியை அந்தப் படங்கள் அவ்வளவாகத் தொடுவதில்லை.

இந்த வகையில் எல்லோரும் முதலில் சொல்லும் படம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'மைனாரிட்டி ரிப்போர்ட்'. 2002இல் வந்தது. நான் பார்த்தது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கிய திருட்டு விசிடியில். இரண்டாவது தகடு சிக்கிச் சிக்கி ஓடியதால் முடிவு வெகுநாள் எனக்குப் புரியவே இல்லை. கதை 2054இல் வாஷிங்டனில் நடக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் மூன்று பேருக்கு, நடக்கப் போகும் கொலைகள் கனவு போலத் தெரிகின்றன. கொலைகாரனின் பெயர் ஒரு மர உருண்டையில் செதுக்கப்பட்டு உருண்டு வருகிறது. போலீஸ் பறந்து போய், இன்னும் எதுவும் செய்யாத ஆளைக் கைது செய்கிறது. ஆறு வருடமாக அந்த ஊரில் கொலையே இல்லை. ஒருநாள் அந்தப் பிரிவின் தலைவர் ஜான் ஆண்டர்டனின் பெயரே உருண்டு வருகிறது.

படத்தின் பாதி அழகு கண்ணில் இருக்கிறது. ரயில் நிலையம், கடை, அலுவலகம் என்று எங்கு போனாலும் கருவிகள் ஆளின் கண்ணைப் படித்து அடையாளம் காண்கின்றன. விளம்பரப் பலகைகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன. தப்பி ஓடும் ஆண்டர்டன் கள்ள மருத்துவர் ஒருவரிடம் போய்க் கண்ணையே மாற்றிக்கொள்கிறார். அப்புறம் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தால் கடை அவரை யாரோ ஒரு ஜப்பானியர் பெயரில் வரவேற்கிறது. தன் பழைய கண்களை ஒரு பையில் பத்திரமாக வைத்திருக்கிறார். ஏனென்றால் அந்தக் கண்ணைக் காட்டினால் அவருடைய அலுவலகக் கதவு இன்னும் திறக்கிறது! ஊரே தேடும் ஆளின் அனுமதியை ரத்து செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. இதைக் கதையின் ஓட்டை என்று நிறையப் பேர் கிண்டல் செய்வார்கள். அரசாங்க அலுவலகம் ஏறி இறங்கியவர்களுக்கு அது மிகவும் இயல்பாகத் தெரியும். படத்திலேயே நம்பும்படியான இடம் அதுதான் என்பது என் கட்சி.

படத்துக்கு மூலம் ஃபிலிப் கே. டிக் 1956இல் வெளியிட்ட சிறுகதை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கதையின் ஆண்டர்டன் ஓடிச் சாடும் நாயகன் இல்லை. வழுக்கை விழுந்து தொந்தி போட்ட கிழட்டு அதிகாரி. அங்கே சிக்கல் ஒரு தர்க்கப் புதிர். கொலை செய்யப் போகிறாய் என்ற அறிக்கையைச் சம்பந்தப்பட்டவன் படித்துவிட்டால் மனம் மாறிவிடுகிறான். மாறிய மனத்தையும் கணக்கில் சேர்த்து அடுத்த அறிக்கை வருகிறது. அதையும் படித்தால் மறுபடி மாறுகிறான். மூன்று அறிக்கையும் மூன்று விதம். இரண்டு ஒத்துப்போவதால் பெரும்பான்மை என்று நினைத்தார்களே, அது வெறும் தோற்றம். கடைசியில் ஆண்டர்டன் தான் கட்டிய அமைப்பைக் காப்பாற்றுவதற்காகவே அந்தக் கொலையைச் செய்துவிட்டு நாடு கடத்தப்படுகிறார். ஸ்பீல்பெர்க் அந்த அமைப்பை இழுத்து மூடி நமக்கு நிம்மதி தருகிறார். டிக் தரவில்லை. எனக்குக் கதைதான் பிடிக்கும்.

கண்காணிப்பு சினிமாவுக்குப் புதிதும் இல்லை. 1927இல் ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' நகரத் தலைவன் திரையில் முகம் பார்த்துத் தொழிற்கூடத்தோடு பேசினான். 1936இல் சாப்ளின் 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் கழிவறைக்குள் போய் ஒரு சிகரெட் பற்றவைத்தால், சுவரில் முதலாளியின் முகம் தோன்றி வேலைக்குப் போ என்று விரட்டும். தொலைக்காட்சி வீடுகளுக்கு வருவதற்கு முன்பே அது திரும்பிப் பார்க்கும் என்று சாப்ளினுக்குத் தெரிந்திருக்கிறது. ஜார்ஜ் லூகாஸ் 1971இல் எடுத்த 'டிஎச்எக்ஸ் 1138' படத்தில் இயந்திரப் போலீஸ்காரர்கள் நாயகனைத் துரத்தித் துரத்தி, பிடிக்கும் சமயத்தில் விட்டுவிடுகிறார்கள். துரத்துவதற்கு ஒதுக்கிய பட்ஜெட் தீர்ந்துபோகிறது!

ஆனால் இந்த வரிசையில் என் மனத்தில் ஆழமாகத் தங்கியது டெர்ரி கில்லியமின் 'பிரேசில்' (1985). ஓர் அலுவலகத்தில் அச்சடித்துக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்குள் ஒரு பூச்சி விழுகிறது. டட்டில் என்று விழவேண்டிய பெயர் பட்டில் என்று விழுகிறது. ஒரே ஓர் எழுத்து. அன்றிரவு பட்டில் என்ற அப்பாவி தன் குடும்பத்தின் முன்னால் சாக்கில் கட்டி இழுத்துச் செல்லப்படுகிறார். பிறகு திரும்பி வரவே இல்லை. அந்தப் படத்தில் யாரும் யாரையும் வெறுக்கவில்லை. பட்டியலில் பெயர் இருந்தது, அவ்வளவுதான். கேமராவும் கண்ணும் பார்க்கிற வேலையைத்தான் செய்கின்றன. யாரைப் பார்க்கவேண்டும் என்று அவற்றுக்குச் சொல்வது ஒரு பதிவேடு. அதில் பெயர் எப்படி ஏறியது என்று பார்த்தால்தான் மீதி விளங்கும்.

அப்படிப் பார்த்தால், இன்னும் எதுவும் செய்யாதவரைக் குற்றவாளி என்று எழுதிவைக்கும் அமைப்புக்கு நாம் 2054 வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1871இல் ஆங்கில அரசு குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு சமூகத்தையே குற்றம் செய்யும் பழக்கம் உடையது என்று அரசு அறிவிக்கலாம். அந்த அறிவிப்பு சரியா என்று நீதிமன்றம் கேட்க முடியாது. முதலில் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்துசேர்ந்தது. பதிவேட்டில் பெயர், கைரேகை, போலீசிடம் ஆஜர். இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்கவேண்டிய கட்டாயம் எத்தனையோ ஊர்களில் இருந்தது. வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். பிறந்த குழந்தையின் மேலும் அந்தச் சந்தேகம் ஏறிவிடும். மதுரைப் பக்கம் ஜனங்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுக்க 1952இலும் சட்டம் போனது. பட்டியலில் இருந்தவர்களுக்குச் சீர்மரபினர் என்று பெயர் மாறியது. பெயர் மாறினாலும், எங்காவது திருட்டு நடந்தால் முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படும் என்பது மட்டும் மாற அதிக காலம் பிடித்தது. பல இடங்களில் இன்னும் மாறவில்லை.

படத்தில் வரும் மூன்று ஞானிகளுக்காவது கனவு வரவேண்டியிருந்தது. இங்கே ஒரு கெஜட் அறிவிப்பே போதும்.

கைரேகை லண்டனுக்குப் போனதும் இந்த நாட்டிலிருந்துதான். வங்காளத்தின் ஜங்கிப்பூரில் 1858இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஒப்பந்தக்காரர் பிற்பாடு என் கையெழுத்தே இல்லை என்று மறுக்காமல் இருக்க, உள்ளங்கையில் மை தடவி ஒற்றி வாங்கினார். கல்கத்தாவில் 1897இல் கைரேகைப் பிரிவு தொடங்கியது. எட்வர்ட் ஹென்றியின் பெயரில் புகழ்பெற்ற வகைப்படுத்தும் முறைக்குக் கணக்குப் போட்டுக்கொடுத்தவர்கள் அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு உதவி ஆய்வாளர்கள். லண்டன் ஸ்காட்லாந்து யார்டு 1901இல்தான் அதை எடுத்துக்கொண்டது. இப்போது அதே வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்காக வேலூருக்கு வருகிறவர்கள், காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் வங்காள எழுத்துப் பலகை வைத்த லாட்ஜ்களின் மேஜையில் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டுச் சாவி வாங்குகிறார்கள்.

தடுப்புக் காவல் என்ற சொல்லையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் அந்த வகை. ஒருவர் வெளியே இருந்தால் பொது ஒழுங்கு கெடும் என்று கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கருதினால், வழக்கு விசாரணை முடிந்து தண்டனை வராமலே ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். அறிவுரைக் குழுமம் பார்க்கும், உயர் நீதிமன்றம் பல உத்தரவுகளை ரத்தும் செய்யும். ஆனாலும் அடிப்படை எதிர்காலத்தைப் பற்றிய ஒரு கருத்துதான். கள்ளச்சாராயம், போதைப்பொருள், நில அபகரிப்பு என்று இருந்த பட்டியலில் 2004இல் திருட்டு விசிடிக்காரர்களையும் சேர்த்தார்கள். எனக்கு 'மைனாரிட்டி ரிப்போர்ட்' விற்ற அண்ணன், இரண்டு வருடம் தள்ளி விற்றிருந்தால், நாளைக்கும் விற்பார் என்ற காரணத்துக்காகவே உள்ளே போயிருக்கலாம்.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். அமெரிக்காவின் சாண்டா குரூஸ் நகரம் 2011இல் ஒரு மென்பொருளைச் சோதித்தது. பெரிய பூகம்பத்துக்குப் பின் அதே பகுதியில் சிறு அதிர்வுகள் வருவதைக் கணிக்கும் கணக்கை எடுத்து, ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் அடுத்தது எந்தத் தெருவில் நடக்கும் என்று சொல்லப் பார்த்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பூகம்பத்தைக் கருவி தானே பதிவு செய்கிறது; குற்றத்தைப் பதிவு செய்வது போலீஸ். போலீஸ் அதிகம் சுற்றும் தெருவில் அதிக வழக்கு பதிவாகும். வழக்கு அதிகம் என்பதால் கணக்கு மறுபடி அதே தெருவைக் காட்டும். அங்கே இன்னும் இரண்டு பேரை அனுப்புவார்கள். 2020இல் சாண்டா குரூஸ் இந்த முறைக்கே தடை போட்டுவிட்டது.

முகமறி மென்பொருளின் கதை வேறு. அது முகத்தை எண்களின் ஒரு வரிசையாக மாற்றி, இரண்டு வரிசைகள் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கிறது. இதை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். நீ சொல்லும் ஆள் நீதானா என்று ஒரு பதிவோடு மட்டும் ஒப்பிடுவது ஒன்று. செல்போன் திறப்பது அப்படி. நீ யார் என்று ஒரு பட்டியல் முழுக்கத் தேடுவது இன்னொன்று. பிழை பெருகுவது இரண்டாவதில்தான். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் ஒப்பீட்டுக்கு ஒருமுறை மட்டுமே தவறும் நல்ல கருவி. ஒரு பஸ் ஸ்டாண்டில் ஒரு நாளைக்கு 50,000 பேர் நடக்கிறார்கள். தேடப்படுவோர் பட்டியலில் 100 முகம். மொத்தம் 50 லட்சம் ஒப்பீடு. 500 தப்பான மணி. தேடப்படும் ஆள் அன்றைக்கு அந்தப் பக்கம் வந்திருக்கவே மாட்டான். கருவி நல்லதாக இருக்கும்போதே இந்தக் கதி. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் வெள்ளை நிற ஆண்களிடம் தவறியது அதிகபட்சம் 0.8 சதவீதம், கறுத்த நிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை.

பால் வெர்ஹோவன் 1987இல் எடுத்த 'ரோபோகாப்' டெட்ராய்ட் நகரத்தில் நடக்கும். போலீசையே ஒரு கம்பெனி நடத்தும். செத்துக்கொண்டிருக்கும் போலீஸ்காரரை இயந்திரமாக்கி, கம்பெனியின் பெரிய அதிகாரிகளைக் கைது செய்யக்கூடாது என்று ஒரு ரகசியக் கட்டளையை அவருக்குள் போட்டுவிடுவார்கள். அதே டெட்ராய்டில், 2020 ஜனவரியில், ஒரு கறுப்பினத்தவரை அவர் வீட்டு வாசலில், மனைவி குழந்தைகள் பார்க்கக் கைது செய்தார்கள். கைக்கடிகாரத் திருட்டு வழக்கு. கடை கேமராவின் மங்கலான படத்தை மென்பொருள் அவருடைய பழைய லைசென்ஸ் போட்டோவோடு பொருத்திவிட்டது. அவர் அந்தப் படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார், ஒத்துப்போகவில்லை. ஆனாலும் முப்பது மணி நேரம் உள்ளே இருந்தார். பூச்சியே விழாமல் டட்டில் பட்டில் ஆன கதை.

தமிழ்நாடு காவல்துறை தன் முகமறி மென்பொருளை 2021இல் தொடங்கியது. 2024இல் அதன் தகவல்கள் கசிந்ததாகச் செய்தி வந்தது. 2022இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், 1920ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்தது. கைரேகை, உள்ளங்கை, பாதம், போட்டோ ஆகியவற்றோடு கருவிழியும் விழித்திரையும் இப்போது சேர்த்தி. பதிவு 75 ஆண்டு இருக்கும். 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன அதே நாடுதான்.

இவ்வளவும் நம் வாழ்க்கையில் கிடக்க, நம் சினிமாவில் இந்த வகைக் கதை ஏன் குறைவு? பி.எஸ். மித்ரனின் 'இரும்புத்திரை' (2018) ஆதாரையும் வங்கிக் கணக்கையும் தொட்டது. ஆனால் அங்கே வில்லன் தகவலைத் திருடுபவன்தான், சேர்த்து வைப்பவர்களைப் பற்றி அதிகம் பேச்சில்லை. எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. நம் படத்தில் வரும் போலீஸ் நாயகனுக்கு இயந்திரமே தேவைப்படாது. ஒரு பார்வை பார்த்தாலே இவன்தான் என்று தெரிந்துவிடும், அடுத்த காட்சியில் என்கவுன்டர், தியேட்டரில் விசில். விசாரணைக்கு முன்பே தண்டனை என்பது ஹாலிவுட்டுக்குப் பயமுறுத்தும் கற்பனை, நமக்கு இடைவேளைக்கு முந்தைய கைதட்டல். இத்தனைக்கும் வேலூரில் ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று அடுக்கிக்கொண்டே போய், அதிகாரம் இல்லாத போலீஸ் என்றும் சேர்த்துச் சொல்வது வழக்கம். கோட்டைக்குள் பயிற்சி பெற்ற இளங்காவலர்களைச் சொல்வதாக அதற்கு விளக்கமும் தருவார்கள்.

எழுத்தில் நிலைமை பரவாயில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களிலேயே ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பது 2021இல். மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர். பிள்ளை பெற அரசாங்க அனுமதி. ஆட்சி நடத்தும் தலைவர் ஜீவா கடைசியில் பார்த்தால் ஓர் ஒளிப்பிம்பம், ஆளே கிடையாது. நிஜமான 2021 வந்தபோது நாங்கள் குடியாத்தத்தில் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

என் ஆயா ஐம்பது வருடம் பீடி சுற்றியவர். தகரத்தை வைத்து இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூல் கட்டி, வாயை மடித்துக் குத்தி, நாளுக்கு ஆயிரம் என்று கணக்கு. விரல் நுனி வழவழவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. கடையில் கருவி வந்த நாளிலிருந்து தகராறு.

"ஆயா, ரேகை விழல. கைய நல்லா தொடச்சிட்டு வை."

"இன்னாப்பா தொடைக்கிறது? இருந்தாத்தான விழறதுக்கு."

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை என்று பத்தும் பார்த்தாயிற்று. பிறகு ஒரு வருடம் கழித்துக் கருவிழி பார்க்கும் கருவி வந்தது. ஸ்பீல்பெர்க் படத்தில் ஒரு குட்டி இயந்திரம் சிலந்தி மாதிரி ஊர்ந்து வந்து கண்ணைப் பிளந்து பார்க்குமே, அந்த வேலைதான். இங்கே கறுப்பு டப்பா ஒன்றைக் கடைக்காரர் கையில் பிடித்துக் காட்டினார். ஆயாவுக்குக் கண்ணை இமைக்காமல் வைத்திருக்க முடியவில்லை, தண்ணீர் வந்தது. மூன்று முறை பார்த்துவிட்டு, சர்வர் வேறு இல்லை என்றார். பின்னால் வரிசை நீண்டது.

கடைசியில் அவர் மேஜைக்கு அடியிலிருந்து அட்டை கிழிந்த ஒரு நீள நோட்டையும் காய்ந்துபோன ஸ்டாம்ப் பேடையும் எடுத்தார். பேடில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஆயாவின் கட்டைவிரலைப் பிடித்து அமுக்கி, பெயருக்கு எதிரே கைநாட்டு வாங்கினார். கோடே இல்லாத ஒரு நீல வட்டம் விழுந்தது. அதைக் கடைக்காரரும் பார்க்கவில்லை, ஆயாவும் பார்க்கவில்லை. ஆயா மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, பையை விரித்துப் பிடி என்றார் என்னிடம்.